ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு

(வானொலி மறையுரை: மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு திருநாள்)



தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளைத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். உலகம் முழுவதும் உழைப்பாளர் தினமாகக் கொண்டாடப்பட்டு வந்த மே முதல் நாளையே அதற்குத் தெரிந்துகொண்டார். இந்நாளின் திருப்பலிக்கென்று தரப்பட்டுள்ள வாசகங்களுள் ஒன்று தொடக்கநூலிலிருந்து வருகிறது. மனிதன் படைக்கப்பட்டதில் ஆரம்பிக்கும் அப்பகுதி, ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருந்து அந்த நாளுக்கு ஆசி வழங்கியதோடு முடிகிறது. உழைப்பாளரின் திருநாளுக்கு வாசகம் தேடிய திருஅவை, ஓய்வில் போய் முடிகிற ஒரு பகுதியைத் தேர்ந்து வைத்திருக்கிறது. எனவே இன்று நாம் ஓய்வைப் பற்றியே சிந்திப்போம்.

அண்மை ஆண்டுகளில் இரண்டு குரல்கள் நம் காதில் விழுகின்றன. நம் நாட்டின் பெருநிறுவனத் தலைவர்கள் சிலர் வாரத்துக்கு 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்கிறார்கள். வேறு சில நாடுகளிலோ, சம்பளத்தைக் குறைக்காமல் வாரத்தில் நான்கு நாள் வேலை போதுமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். முதல் குரலைக் கேட்டு நம் இளைஞர்கள் எரிச்சல் அடைகிறார்கள். இரண்டாவதைக் கேட்டு நம் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். 'நான்கு நாள் வேலை செய்தால் ஐந்தாம் நாள் யார் சோறு போடுவது?' என்பது அந்தச் சிரிப்பின் பொருள். அது அலட்சியமான கேள்வி அல்ல. திருவிவிலியமே அந்தக் கேள்வியை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில், இன்று நமக்கு இருக்கும் வார விடுமுறை எப்படி வந்தது என்று பார்ப்போம். ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து தந்தது என்று பலர் நினைக்கிறோம். அலுவலகங்களைப் பொறுத்தவரை அது ஓரளவு சரியாக இருக்கலாம். ஆலைகளில் அப்படி இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளும் ஓய்வு கிடையாது. 1884ஆம் ஆண்டு நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் அவர்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். பல ஆண்டுகள் மனு எழுதி, கூட்டம் கூட்டி, கடைசியில் 1890ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். லோகண்டே கிறிஸ்தவர் அல்லர். ஆண்டவருடைய நாளில் நம் நாட்டுத் தொழிலாளி ஒருவர் கோயிலுக்கு வர முடிகிறது என்றால், அதில் அவருக்கும் பங்கு உண்டு.

அடுத்த ஆண்டு, 1891 மே 15 அன்று, திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். மனம் மழுங்கி உடல் தேய்ந்துபோகும் அளவுக்கு ஒருவரை வேலை வாங்குவது அநீதி என்றும், வேலையின் கடுமையைப் பொறுத்து நேரம் குறைய வேண்டும் என்றும், சுரங்கத்தில் இறங்குவோருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதினார். வேலை நேரக் குறைப்பு என்பது நமக்குப் புதிய பேச்சு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்த ஒன்றையும் மறக்கலாகாது. 1936ஆம் ஆண்டு பிரான்சு நாடு தன் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையையும், சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையையும் சட்டமாக்கியது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று, அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், உரிமை கேட்டு நின்ற பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அங்கே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வழிவிட்டது. சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் 1948இல் வந்தது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அது வரையறுத்தது. இன்று கைக்கடிகாரத்தைப் பார்த்து 'ஷிப்ட் முடிந்தது' என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

இனி, நான்கு நாள் வேலைக்கு வருவோம். இங்கிலாந்து உள்ளிட்ட பிரித்தானிய நாட்டில் 2022ஆம் ஆண்டு 61 நிறுவனங்கள் ஆறு மாத காலம் இதைச் செய்து பார்த்தன. ஏறக்குறைய 2,900 பேர் இதில் பங்கேற்றனர். சம்பளம் குறையவில்லை. முடிவில் 56 நிறுவனங்கள் இதைத் தொடரப்போவதாகச் சொல்லின. வேலை செய்தவர்களிடம் சோர்வு குறைந்தது, தூக்கம் மேம்பட்டது, வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஐஸ்லாந்து நாட்டில் 2015 முதல் 2019 வரை, அரசுப் பணியாளர்கள் சுமார் 2,500 பேருக்கு வாரம் 40 மணி நேரம் என்பது 35, 36 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. அங்கேயும் பெரும்பாலான இடங்களில் வேலை கெடவில்லை. ஆண்கள் வீட்டு வேலையில் முன்னைவிடக் கூடுதலாகக் கை கொடுத்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. குழந்தையோடு விளையாடவும், முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகவும் நேரம் கிடைப்பதைக் குடும்ப வாழ்வைப் போற்றும் நாம் சிறிதாக எண்ண முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 61 நிறுவனங்களும் தாமாக முன்வந்தவை. பல அலுவலக வேலை சார்ந்தவை. அலுவலக வேலையில் வீணாகும் நேரம் அதிகம். தேவையில்லாத கூட்டம், ஒருவர் சொன்னதையே பத்துப் பேருக்கு எழுதும் கடிதம், மேலதிகாரி கிளம்பும்வரை காத்திருப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. இவற்றை வெட்டினால் ஐந்து நாள் வேலை நான்கு நாளில் அடங்கிவிடும். பேருந்து ஓட்டுநர் என்ன செய்வார்? மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் தூரம் குறையுமா? இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், எட்டு மணி நேரம் விழித்திருக்க வேண்டிய நோயாளியின் அருகில் ஆறு மணி நேரத்தில் விழித்து முடிக்க முடியுமா? சில வேலைகளில் நாம் பொருளைச் செய்கிறோம், சில வேலைகளில் நாம் அங்கே இருப்பதே வேலை. இரண்டாம் வகையில் ஒருவருக்கு ஓய்வு கொடுத்தால், அவர் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்க வேண்டும்.

சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் 2015 முதல் 2016 வரை செவிலியருக்கு எட்டு மணி நேரப் பணியை ஆறு மணி நேரமாகக் குறைத்தார்கள், சம்பளம் அப்படியே. செவிலியர் நோய் விடுப்பு எடுப்பது குறைந்தது. முதியவர்களை வெளியே அழைத்துப்போகவும், அவர்களோடு உட்கார்ந்து பேசவும் அவர்களுக்குத் தெம்பு இருந்தது. முதியோர் இல்லங்களுக்குப் போய் வருகிற நம் வின்சென்ட் தே பால் சபையினருக்கு இதன் அருமை தெரியும். களைத்த கை சோறூட்டுவதற்கும் களைக்காத கை ஊட்டுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. ஆனால் விட்டுப்போன நேரத்தை நிரப்பப் புதிதாக 17 பேரை வேலைக்குச் சேர்க்க வேண்டி வந்தது. நகராட்சிக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் குரோனர் செலவானது. சோதனைக் காலம் முடிந்ததும் திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அது தோற்றுப்போனது என்று சிலர் எழுதினார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நல்ல பராமரிப்பு என்ன விலை என்பதை அது காட்டியது. அந்த விலையைக் கொடுக்க ஊர் முன்வரவில்லை.

விலை கொடுக்காமல் ஓய்வு தர ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நாட்களைக் குறைத்துவிட்டு வேலையைக் குறைக்காமல் வைப்பது. விடுதலைப் பயணம் நூலின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசே பார்வோனிடம் போய் என்ன கேட்டார்? பாலைநிலத்தில் மூன்று நாள் பயணம் செய்து ஆண்டவருக்குப் பலியிட விடுப்புக் கேட்டார். சோம்பேறிகள்தான் விடுப்புக் கேட்பார்கள் என்றான் பார்வோன். அன்று முதல் வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். வைக்கோலைத் தேடி அலைவதும் மக்களின் வேலையாயிற்று, செங்கல் கணக்கோ ஒன்றுகூடக் குறையவில்லை. நேரத்தை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை அப்படியே வைத்திருப்பது பழைய தந்திரம். நான்கு நாளில் ஐந்து நாள் இலக்கை முடிக்கச் சொல்லும் நிறுவனம் ஒன்று இருந்தால், ஊழியர் மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். விடுமுறை நாளில் அவர் வைக்கோல் தேடிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

நம் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கலாம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, ஆனால் நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம், விரும்பியவர்களுக்கு மட்டும் என்று விளக்கம் சொல்லப்பட்டது. காகிதத்தில் அதுவும் நான்கு நாள் வேலைதான். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே முதல் நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கட்சி அரசியல் நமக்கு வேண்டாம், கணக்கை மட்டும் பார்ப்போம். 12 மணி நேர வேலை. கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 15. மீதம் இருக்கும் ஒன்பது மணி நேரத்தில் சமைக்க, சாப்பிட, குளிக்க, துணி துவைக்க, தூங்க வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்க்கு அதில் என்ன மிஞ்சும்? முதல் ஓய்வு நாள் முழுவதும் தூங்கியே கழியும். அதோடு, அப்போது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கிடைத்துவந்த இரட்டிப்புக் கூலி என்னவாகும் என்ற கவலையும் தொழிலாளிக்கு இருந்தது.

'விரும்பியவர்களுக்கு மட்டும்' என்பதைப் பற்றியும் ஒரு சொல். பெல்ஜியம் நாட்டிலும் 2022இல் இது போன்ற சட்டம் வந்தது. அங்கே தொழிலாளிதான் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் வேலை போகாது என்ற துணிவு இருக்கும் இடத்தில் விருப்பம் என்பதற்குப் பொருள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாக, நாளை வாசலில் நிறுத்தப்படலாம் என்ற அச்சத்தோடு இருப்பவரின் விருப்பம் எப்படிப்பட்டது? வறுமையின் நெருக்கடியால் ஒருவர் தலையாட்டுவது நீதியான ஒப்பந்தம் ஆகிவிடாது என்று லியோ திருத்தந்தை அன்றைக்கே எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தப் பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். யார் சோறு போடுவது?

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஒரு நாள் குறைந்தால் அந்த நாளின் கூலி குறையும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள். பீடி சுற்றும் பெண்ணுக்கு ஓய்வு என்பது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஒரு துளை. மழை பெய்தால் அவர்களுக்கு ஐந்து நாள் வாரம், நான்கு நாள் வாரம் எல்லாம் தானாகவே கிடைக்கிறது. அதை யாரும் ஓய்வு என்று அழைப்பதில்லை. நம் நாட்டில் உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் இப்படிப்பட்டவர்களே. மாதச் சம்பளக்காரர்களை மட்டும் மனதில் வைத்து வேலை நேரத்தைப் பேசுவது, பந்தியில் முதல் வரிசைக்கு மட்டும் பரிமாறுவதுபோல.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்த நிகழ்ச்சி நம் எல்லாருக்கும் தெரியும். விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரம். அதில் ஒரு வரிசையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கச் சொல்லும் கட்டளை சீனாய் மலையில் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. மன்னாவோ அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும். மீதம் வைத்தால் புழு வைத்து நாறும். ஆனால் ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு கிடைத்தது. அதை மறுநாளுக்கு எடுத்துவைத்தார்கள், கெடவில்லை. ஓய்ந்திருங்கள் என்று கட்டளையிடும் முன்பே, ஓய்ந்திருக்கும் நாளுக்கான உணவை ஆண்டவர் பானையில் வைத்துவிட்டார். உணவு இல்லாத ஓய்வை அவர் யாரிடமும் கேட்கவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கும் எந்தத் திட்டத்தையும் இந்த ஆறாம் நாளைக் கொண்டு நாம் அளந்து பார்க்கலாம். நாள் குறையும்போது நாட்கூலி உயர்கிறதா? பீஸ் ரேட் உயர்கிறதா? வாரச் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை மாலை, கவரில் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து இருக்கிறதா? இருந்தால் அது ஓய்வு. இல்லையென்றால் அதற்கு வேலையின்மை என்று பெயர்.

இன்னொரு கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. இணைச்சட்டம் ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாள் கட்டளையை மறுபடி சொல்லும்போது, யார் யார் ஓய வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, உங்களோடு தங்கியிருக்கும் அந்நியர். உன்னைப் போலவே உன் வேலைக்காரரும் ஓய வேண்டும் என்பதைத் தனியாக எடுத்துச் சொல்லி, நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்று நினைவூட்டுகிறது. (பட்டியலில் மனைவி இல்லை. 'நீ' என்பதிலேயே கணவனும் மனைவியும் அடக்கம் என்று விவிலிய அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். நம் வீடுகளில் ஞாயிறு மதியம் அடுப்படியில் நிற்பது யார் என்று பார்த்தால், அந்த விளக்கம் இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை என்று தெரிகிறது.)

ஒருவருடைய விடுமுறை இன்னொருவருடைய வேலை நாள். நமக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் நாம் வெளியே போகிறோம், ஓட்டலில் சாப்பிடுகிறோம், கைப்பேசியைத் தட்டி பிரியாணி வரவழைக்கிறோம். அதைக் கொண்டுவரும் தம்பி பத்து மணித் திருப்பலிக்கு வர வேண்டியவனாகவும் இருக்கலாம். மற்றவர்கள் ஆண்டவருடைய நாளைக் கடைப்பிடிக்கத் தடையாகும் தேவையற்ற வேலைகளை அவர்கள்மேல் சுமத்தக் கூடாது என்று நம் மறைக்கல்வி நூல் 2187ஆம் எண்ணில் கூறுகிறது. மருத்துவமனை, பேருந்து, உணவகம் போன்றவற்றில் ஞாயிறன்றும் சிலர் வேலை செய்தே ஆக வேண்டும் என்பதை அது ஏற்கிறது. அவர்களுக்கும் போதிய ஓய்வு நேரம் இருக்க வேண்டும் என்கிறது.

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தொழிற்சாலைகள் சட்டம் அவர்களுக்கு இருந்ததில்லை, கடைகள் சட்டமும் இல்லை. ஒரு வீடு தொழிற்சாலை ஆகாதல்லவா? 1985ஆம் ஆண்டு அருள்சகோதரி ஜீன் தேவோஸ் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கி, இவர்களைத் தொழிலாளர் என்று அழைக்க நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தார். தமிழ்நாடு அரசு 2007இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட 189ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு தரச் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே அவர்களுடைய ஓய்வுநாளைத் தீர்மானிப்பது நாடாளுமன்றமோ சட்டமன்றமோ அல்ல, அந்தந்த வீட்டுக்காரர்தான். நான்கு நாள் வாரமெல்லாம் இருக்கட்டும், வாரத்தில் ஏழு நாளும் வந்து பாத்திரம் கழுவுகிறவருக்கு ஆறு நாள் வாரம் எப்போது வரும்?

இதைக் குறைந்த செலவில் நாமே செய்து பார்க்க முடியும். கணக்கு இதுதான். மாதம் 6,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஒரு நாள் கூலி 200 ரூபாய். வாரம் ஒரு நாள் விடுப்பு என்றால் மாதத்துக்கு நான்கு நாள், 800 ரூபாய். அந்த 800ஐப் பிடிக்காமல் கொடுப்பதுதான் ஆறாம் நாளின் இரட்டைப் பங்கு. சனிக்கிழமை இரவுப் பாத்திரத்தையும் ஞாயிறு காலைப் பாத்திரத்தையும் போட்டுவைத்து, திங்கட்கிழமை அவர் வந்து மூன்று வேளைக்கும் சேர்த்துக் கழுவட்டும் என்று விட்டால் அது பார்வோனின் செங்கல் கணக்கு. எனவே வீட்டில் இருப்பவர்கள் ஞாயிறன்று முறை வைத்துக் கழுவ வேண்டும், அப்பாவும் மகன்களும் உட்பட. தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்போர் உள்ள வீடுகளுக்கு இது இயலாது. அங்கே ஞாயிறுக்குப் பதிலாக வேறொரு நாளை அவரையே கேட்டு முடிவு செய்யலாம். அந்த ஒரு நாளைக்கு உதவ, பக்கத்து வீட்டாரோ அன்பியத்தில் உள்ளவர்களோ முறை போட்டுக்கொள்ளலாம். இம்மாத அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசும்போது, வீட்டு வேலைக்குப் போகிற நம் பங்குச் சகோதரிகளையே முதலில் பேசச் சொல்லுங்கள். எந்த நாள் அவர்களுக்கு வசதி, எத்தனை மணித் திருப்பலிக்கு அவர்களால் வர முடியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.